வானம் தோண்டும்போது தண்ணீரைக் கேட்டார்களா?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் வயதான கொத்தனார் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுப்பதை அவர் 'வானம் தோண்டுறது' என்பார். சிலர் இதை 'வாணம்' என்று எழுதுகிறார்கள். பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. பூமிக்குள் இறங்கும் வேலைக்கு வானம் என்று எப்படிப் பெயர் வந்ததோ, எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஏனென்றால் மேலே இருக்கும் வானம் பொழிவதெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் கீழே தோண்டிய இந்த வானம்தான்.

போன ஐப்பசி மழையில் நம் வளாகத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தரைத்தளப் பார்க்கிங்கில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பின்பக்கம் பேவர் பிளாக் ஒரு கை அகலத்துக்கு உள்வாங்கியது. வாட்ஸப் குழுவில் நாம் பம்ப் யாருடையது, டீசல் செலவு யாருடையது என்று பேசினோம். அந்தத் தண்ணீர் இங்கே ஏன் வந்தது, வந்தபின் மண்ணுக்குள் என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு விடை தேடினால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் என்றா சொன்னேன்? பதினைந்து லட்சம் ஆண்டு.

பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய் வந்தவர்கள் அங்கே இருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது அத்திரம்பாக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற தன் சகாவோடு கொசஸ்தலையாற்றுப் பக்கம் வந்தபோது அத்திரம்பாக்கம் கிடைத்தது. பிறகு 1999 முதல் சாந்தி பப்புவின் குழு அங்கே முறையாகத் தோண்டியது. கீழ் அடுக்கில் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள்.

செய்தித்தாள்கள் கோடரியின் வயதைத்தான் எழுதின. அபார்ட்மெண்டில் குடியிருக்கும் நமக்கு அந்தக் குழியின் சுவரும் முக்கியம். மேலே சரளை, செம்பாறைத் துணுக்கு. கீழே போகப் போகக் களிமண், பல மீட்டர் ஆழத்துக்கு. ஆறு இங்கே காலங்காலமாக இடம் மாறி மாறி ஓடிக் களியையும் மணலையும் சரளையையும் பாய் விரித்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறது. கொசஸ்தலை, ஆரணி, கூவம் மூன்றும் ஓடும் மாவட்டம் நம்முடையது. அதனால் திருவள்ளூரில் ஓரிடத்தில் செம்மண்ணும் சரளையும் இருக்கும், சற்றுத் தள்ளிப் போனால் களி இருக்கும், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் போனால் மணலும் உவர் நிலமும். பக்கத்து லேஅவுட்டில் செய்த மண் பரிசோதனை நம் மனைக்கும் செல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மண்ணில் முன்னோர்கள் வீடு கட்டவில்லையா? கட்டினார்கள். ஆனால் எங்கே கட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். பொன்னேரிப் பக்கமும் அதில் சேர்ந்தது. 1767க்கும் 1774க்கும் இடையே தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அந்த ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் விளைநிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, வீடுகள் இருக்கும் இடம் எவ்வளவு என்று கணக்கு. பழைய செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. ஊருக்கு ஊர் ஏரி, ஏரிக்கு மதகு, மிஞ்சிய தண்ணீர் போகக் கலங்கல், கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குக் கால்வாய் என்று ஒரு சங்கிலியே இருந்தது.

அந்தச் சங்கிலியில் வீட்டுக்கான இடத்துக்குப் பெயர் நத்தம். இன்றும் வருவாய்த் துறைப் பதிவில் நத்தம் என்ற சொல் இருக்கிறது. நத்தம் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். ஏரிக்குக் கீழே மதகுத் தண்ணீர் பாயும் நிலம் நஞ்சை. அங்கே நெல் போட்டார்கள், வீடு போடவில்லை. கரையிலிருந்து கசியும் நீர் ஆண்டில் பல மாதம் அங்கே மண்ணை ஈரமாக வைத்திருக்கும். விவசாயிக்கு அது வரம். அஸ்திவாரத்துக்கு அது வேறு கதை. உங்கள் பத்திரத்தின் தாய்ப் பத்திரங்களை எடுத்துப் பழைய வகைப்பாட்டைப் பாருங்கள். 'நஞ்சை' என்று இருந்தால், உங்கள் படுக்கையறைக்குக் கீழே இருப்பது தண்ணீர் நிற்க வேண்டும் என்றே இரண்டு மூன்று நூற்றாண்டு பழக்கிய மண்.

பழைய நத்தத்து வீட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் திண்ணை, அதன்மேல் இறங்கும் தாழ்வாரம். ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீர் திண்ணைக்கு வெளியேதான் விழும். அதாவது சுவரின் அடியிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி. நடு முற்றத்தில் விழுவது ஒரு தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய்விடும். இன்று பொறியாளர் 'பிளிந்த் புரொடெக்ஷன்' என்று வரைபடத்தில் காட்டுவதைத் தாத்தாக்கள் உட்கார்ந்து வெற்றிலை போடும் இடமாகக் கட்டியிருந்தார்கள். திண்ணை வம்பளக்க மட்டும் என்று நினைத்து அதை விட்டுவிட்டோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்குத் தாகம் எடுத்தது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டிச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் தண்ணீரைத் திருப்பினார்கள். 1872 முதல் அந்தத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. பிறகு 1944இல் பூண்டி. சென்னை மேயராக இருந்து அதைத் தொடங்கிவைத்த சத்தியமூர்த்தி அது முடிவதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். ஊத்துக்கோட்டை வழியாகக் கிருஷ்ணா தண்ணீர். கடைசியாக 2020இல் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து அரை டிஎம்சி நீர்த்தேக்கம். நகரம் குடிக்கும் தண்ணீரைத் தேக்கி வைக்கும் மாவட்டம் இது. இங்கே நிலத்தடி நீர் மேலே நிற்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. அதுதான் இந்த ஊரின் வேலை.

இதன் நடுவில்தான் தொழிற்சாலைகள் வந்தன. 1971இல் தொடங்கிய சிப்காட் பின்னர் கும்மிடிப்பூண்டியில் வளாகம் அமைத்தது. ஜி.என்.டி. சாலையின் இருபுறமும் உருக்காலை, கிடங்கு, லாரி நிறுத்தம் என்று வளர்ந்தது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்காக மேய்க்கால் நிலத்தை எடுத்தபோது கிராமத்தார் எதிர்த்துப் போராடினார்கள். அந்தக் காட்டில் விழும் மழைதான் எங்கள் ஏரிகளுக்கு வருகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வேலைவாய்ப்பா ஏரியா என்ற வாதத்தில் நான் இப்போது இறங்கவில்லை. நாமும் அந்த வேலைகளை நம்பி இங்கே பிளாட் வாங்கியவர்கள்தானே. ஆனால் கிராமத்தார் சொன்னது தண்ணீர்க் கணக்கு. பெரிய கூரையும் தார்ச்சாலையும் போட்ட இடத்தில் மழை மண்ணுக்குள் போகாது. அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கே போகும் என்பதற்கு 2014ஆம் ஆண்டின் இரண்டு வார இறுதிகளை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும்.

முதலாவது எல்லோருக்கும் தெரியும். ஜூன் 28, சனிக்கிழமை. போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்தது என்றார்கள், ஏரி மண் என்றார்கள். நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 2015இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கட்டமைப்பில் இருந்த குறைகளையும் கட்டியவர்களின் பொறுப்பையும் அது சுட்டியது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மண்ணின்மேலும் மழையின்மேலும் பழியைப் போட்டுவிட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்பதற்கு அந்த முதல் சில நாள் பேச்சு நல்ல உதாரணம்.

இரண்டாவது நம் மாவட்டத்தில் நடந்தது. ஆனால் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. மவுலிவாக்கத்துக்கு எட்டாம் நாள், ஜூலை 6, ஞாயிறு அதிகாலை. செங்குன்றத்தை அடுத்த அலமாதி அருகே உப்பரபாளையம். ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர், சுமார் 20 அடி உயரம், மழை பெய்த இரவுக்குப் பின் சாய்ந்தது. சுவரை ஒட்டிய குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மவுலிவாக்கம் அளவுக்கு அது பேசப்படவில்லை. அது வீடு வாங்குகிறவர்களைப் பயமுறுத்தும் செய்தி இல்லையே. யாரும் அந்தச் சுவருக்கு முன்பணம் கட்டியிருக்கவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து, 2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூரில், மறுபடியும் இரவெல்லாம் மழை, மறுபடியும் விடிவதற்கு முன், ஒரு தனியார் வீட்டின் உயரமான கற்சுவர் பக்கத்துத் தலித் குடியிருப்பின்மேல் விழுந்தது. 17 பேர். அந்தச் சுவர் ஏன் அவ்வளவு உயரமாக இருந்தது என்பதில் சாதி இருக்கிறது. அதைத் தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்னார்கள். அது தனியாக எழுத வேண்டிய வரலாறு. இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். நடூரிலும் உப்பரபாளையத்திலும் சுவரைக் கட்டியவர் ஒரு பக்கம், செத்தவர்கள் மறுபக்கம்.

மழைக்கும் சுவருக்கும் என்ன கணக்கு? ஒரு பக்கம் மண்ணை நிரப்பி மேடாக்கிய சுற்றுச்சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய உயரம் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி. மண் காய்ந்திருக்கும்போது, சாதாரண மணல் கலந்த மண் என்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரை அது சுமார் 670 கிலோ விசையோடு தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் தேங்கினால் தள்ளுவது சுமார் 1,500 கிலோ. மண் அதே மண்தான். தண்ணீர் மட்டும் புதிது. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் திறன் எட்டு மடங்காகும். போதாக்குறைக்குச் சுவரின் அடிமண்ணும் ஊறி இளகியிருக்கும். இதனால்தான் நின்ற சுவர் பத்து வருஷம் நின்றது என்பது பதினோராவது வருஷத்துக்குச் சான்றாகாது. அந்தப் பத்து வருஷத்தில் தண்ணீர் மேல்மட்டம் வரை ஒருமுறையும் தேங்கியிருக்காது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து மலிவானது. சுவரின் பின்பக்கம் ஜல்லியும் மணலும் அடுக்கி, சுவரில் சாண் அகல இடைவெளி ஒன்றும் தேவையில்லை, இரண்டு மூன்று அங்குலக் குழாயை ஐந்தடிக்கு ஒன்றாக வெளியே சாய்த்து வைத்தால் போதும். கட்டடக்காரர்கள் இதை 'வீப் ஹோல்' என்கிறார்கள். அழுகிற துளை. சுவர் அழுதால் நல்லது.

அஸ்திவாரத்தில் தண்ணீர் செய்யும் வேலை சுவரில் செய்வதைவிட மெதுவானது, ஆகவே ஏமாற்றும். களிமண் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்தியாவில் இதைக் கையாள வழி கண்டவர்கள் ரூர்க்கியில் 1947இல் தொடங்கிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார். தினேஷ் மோகன் அங்கே இருந்த காலத்தில் 'அண்டர் ரீம்டு பைல்' என்ற அடி விரிந்த தூணைப் பரவலாக்கினார்கள். வெங்காயத்தாள் மாதிரி மேலே ஒல்லியாகவும் கீழே குமிழாகவும் இருக்கும். கரிசல் மண்ணில் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுவது மேலே மூன்றரை மீட்டர் வரைதான். அதற்குக் கீழே போய்க் குமிழை ஊன்றிக்கொண்டால் மேல்மண் ஆடினாலும் வீடு ஆடாது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஆர்.கே. கட்டி வேறு வழி சொன்னார். உப்பும் களிக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே, உப்பாத மண்ணால் ஒரு மெத்தை போடுவது. கால்வாய்களில் அதை நிறையப் பயன்படுத்தினார்கள்.

இதெல்லாம் பில்டர் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? கட்டடம் நல்ல பைலில் நின்றாலும், அதைச் சுற்றியுள்ள நடைபாதை, டிரைவ்வே, கழிவுநீர்ச் சேம்பர், செப்டிக் டேங்குக்குப் போகும் குழாய் எல்லாம் எதன்மேல் நிற்கின்றன? லாரி லாரியாகக் கொட்டிய சவுடு மண்மேல். நஞ்சையை மேடாக்கக் கொட்டியது. அதை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி இறுக்கியிருக்க வேண்டும். பழைய ஆட்கள் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் முதல் இரண்டு மூன்று மழையே அந்த வேலையைச் செய்யும். மண் தானாக உட்காரும். கட்டடம் உட்காராது. நடுவில் விரிசல் விழும். சுவரில் பொருத்திய குழாய் அசையாது, மண்ணில் புதைத்த குழாய் இறங்கும், இணைப்பில் உடையும். உடைந்த குழாயிலிருந்து கசிவது அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே தினமும் பெய்யும் மழை. கோடையிலும் ஒரு மூலையில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அதைத் தோட்டக்காரரின் திறமை என்று பாராட்டிவிடாதீர்கள்.

ஒரு மூலை ஈரம், மறுமூலை காய்ச்சல். இதுதான் கட்டடத்துக்கு ஆகாது. முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் வீட்டுக்குப் பெரிய சேதமில்லை. ஒரு பக்கம் மட்டும் அசைந்தால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், கதவு மழைக்காலத்தில் ஒட்டும். பிரிட்டனில் 1976 வறட்சியில் களிமண் சுருங்கி வீடுகள் விரிசல் விட்டதும், காப்பீட்டு நிறுவனங்களுக்குக் குவிந்த கோரிக்கைகளும் அங்கே பெரிய செய்தி. நமக்குச் சித்திரை வெயிலும் கார்த்திகை மழையும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

அப்படியானால் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டால்? இங்கிலாந்தில் வின்செஸ்டர் பேராலயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாய ஆரம்பித்தது. சதுப்பு மண்ணில், மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் கட்டிய பகுதி அது. சுவருக்கு அடியில் குழி எடுத்தால் உடனே தண்ணீர் ஊறியது. பம்ப் வைத்து இறைத்தால் தண்ணீரோடு நுண்மண்ணும் வந்துவிடும், சுவர் முழுவதும் உள்ளே போய்விடும். பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் இறைக்கவே வேண்டாம் என்று முடிவு செய்து வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை இறக்கினார். 1906 முதல் 1911 வரை, கும்மிருட்டில், கலங்கிய தண்ணீருக்குள், அந்த மனிதர் கான்கிரீட் மூட்டைகளைக் கையால் அடுக்கி அடிப்பகுதியை மூடினார். அதற்குப் பிறகுதான் தண்ணீரை இறைத்து மேலே செங்கல் கட்டினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து மனையில் இப்போது வானம் தோண்டுகிறார்கள். இரவும் பகலும் பம்ப் ஓடும் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். தூக்கம் கெடுகிறது என்று புகார் வந்தது. சத்தத்தைவிட அந்தக் குழாயிலிருந்து வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள் என்பேன். தெளிவாக வந்தால் பரவாயில்லை. கலங்கலாக, தேநீர் மாதிரி வந்தால், தண்ணீரோடு மண்ணும் போகிறது. அதில் நம் மண்ணும் இருக்கலாம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையன்று, வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளத்தின் ஓரம் சரிந்து, பக்கத்திலிருந்த எரிவாயு நிலையத்தின் கன்டெய்னர் அலுவலகம் உள்ளே விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். நாட்கணக்கில் நீரை இறைத்த பிறகுதான் உடல்களை மீட்க முடிந்தது. பள்ளம் ஒருவருடையது, ஓரத்தில் இருந்தவர்கள் வேறு.

சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரு பிடியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3). சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத் தரக் குறையோ தெரிந்து எழுத்தில் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொன்னதற்குச் சான்று வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் கோட்டைத் தாண்டியிருந்தால் அது உயிருள்ள விரிசல். வெள்ளை அடித்து மறைத்துவிட்டால் உங்கள் சான்றை நீங்களே அழித்த மாதிரி.

மழைநீர்ச் சேகரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் அவசரத்தில் பல இடங்களில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே முடிகிறதோ அங்கேயே குழி எடுத்துவிட்டார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 9,000 லிட்டர். அவ்வளவையும் தூணின் காலடியில் விடுவதா? குழி சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி, தாழ்வான பக்கம் இருக்கட்டும். நடுவே மூடிய குழாயில் தண்ணீர் போகட்டும். சுவரை ஒட்டி இரண்டு மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்த கான்கிரீட், அதன் விளிம்பில் வடிகால், சுவரும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் தார்ப்பூச்சு. பழைய திண்ணையின் வேலைதான் இது, உட்கார முடியாது என்பதைத் தவிர. இதைச் செய்ய வேண்டிய இடத்தில் நாம் சுவரை ஒட்டி செம்பருத்தித் தொட்டி கட்டித் தினமும் ஹோஸ் பிடிக்கிறோம். செம்பருத்தி எனக்கும் பிடிக்கும்; நான்கடி தள்ளி வைத்தால் அதுவும் பூக்கும்.

கடைசியாக நம் வடக்குச் சுவர். அது வெறும் மறைப்புச் சுவர் என்று பலர் நினைக்கிறீர்கள். வெளியே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நம் பக்கம் தரை ஐந்தடி உயரம், சவுடு போட்டு மேடாக்கியது. அந்தப் பக்கம் பழைய நஞ்சை மட்டம். ஆக அது ஐந்தடி மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர், நான் மேலே போட்ட கணக்கு அதற்கே போட்டது. கட்டும்போது அதில் குழாய்கள் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பெயின்ட் வேலையில், கறை வடிகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டோம். கமிட்டி ஒப்புதல் கொடுத்தது. அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.

அந்தப் பக்கம் இப்போது பக்கத்து மனையின் கட்டட வேலைக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பின்சுவருக்குத் தகரம் மிச்சம் என்று நம் சுவரோடு சாய்த்தே போட்டிருக்கிறார்கள். ஏழு கொட்டகை. குழந்தைகளும் இருக்கிறார்கள், துணி நம் சுவரின் ஆணியில் காய்கிறது. கொட்டகைகளை பத்தடியாவது தள்ளிப் போடும்படி அந்த மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறோம், பார்க்கிறேன் என்றார். குழாய்களைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலு பேர், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு நாள் வேலை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வடக்கு கேட் பக்கம் வாருங்கள். பூசிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: மொத்தம் இருபத்திரண்டு.